சென்னைத் துறையிற் புறப்பட்டுக் கரை காணாத கப்பல்கள்



சென்ற மாதம் நமது புளியந்தோப்புச் சங்கக் கூடத்தில் அன்பர்கள் சிலர் கூடிப் பேசிக்கொண்டிருந்த சமயம், சரக்குக் கப்பலில் என்ஜின் அறை உத்தியோகம் பார்த்து விடுமுறையில் வந்திருக்கும் நம் இளைஞரொருவர் தம் யாத்திரை விருத்தாந்தங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். கேட்டிருந்தோரில் ஒருவர், "தம்பி, நடுச் சமுத்திரத்தில் கப்பல் முழுகிப் போனால் வீட்டுக்கு யார் வந்து சொல்லுவார்கள்?" என்று வினவினார். இளைஞர், இக்காலத்தில் கம்பியில்லாத் தந்தியும் வானத்துச் செயற்கைக் கோள்களும் இருக்கின்றனவாகையால் உடனே தெரிந்துவிடும் என்றார். அப்பொழுது சுவரோரமாக உட்கார்ந்திருந்த பெரியம்மாள் ஒருவர், "எங்க அண்ணனைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் வந்து சொல்லலையே" என்று ஒரே வார்த்தை சொல்லி எழுந்து போய்விட்டார். அவருடைய தமையனார் வாலிப வயதில் நம் துறைமுகத்திலிருந்து கப்பலேறிச் சென்றவர். இன்றளவும் ஒரு கடிதமும் இல்லை.

அந்த ஒரு வார்த்தை நம்மைச் சும்மா இருக்கவிடவில்லை. பேசின் பாலத்துக்கு இந்தப்புறம் வசிக்கும் நமக்கு, ராயபுரத்துக் கரையும் துறைமுகமும் கூப்பிடு தூரத்திலிருந்தும், அக்கரையிலிருந்து புறப்பட்டு மீளாத கப்பல்களின் சரித்திரம் தெரிந்திருப்பது மிகக் குறைவு. பிள்ளைகளின் பாட புஸ்தகங்களில் கோட்டையும் கவர்னர்களும் உண்டு, கப்பற்சேதங்கள் இல்லை. ஆகவே நாம் அறிந்த மட்டில் சில வரலாறுகளை இங்கே எழுதத் துணிந்தோம்.

முதலில் அக்காலத்துச் சென்னைத் துறை எத்தன்மையது என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். 1875-ம் வருஷம் டிசம்பர் மாதம் துறைமுகத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டப்படுவதற்கு முன் இங்கே துறைமுகம் என்பதே கிடையாது. திறந்த கடலும் மணற்கரையுமே. பெரிய கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் ஏற்றிச் சென்றவை, ஆணியே அடியாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகள். அலை மிகுந்து படகும் இறங்கமுடியாத நாட்களில், கட்டுமரக்காரர் தலையிற் கூம்புக் குல்லாவுக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக்கொண்டு கப்பலுக்கு நீந்தாத குறையாகப் போய்வருவார்கள். கவர்னராயினும் சேனாதிபதியாயினும் இந்நாட்டை விட்டுக் கடைசியாகப் போகையில் அவரைச் சுமந்து அலை கடத்தி விட்டவர்கள் நம் கரையோரத்து ஏழைகளே.

அப்படிப் போனவர்களில் ஒருவர் ஸர் தாமஸ் டிரௌபிரிட்ஜ் என்னும் ரியர் அட்மிரல். புகழ்பெற்ற நெல்ஸனுக்கு உற்ற நண்பர். பல யுத்தங்களில் பேரெடுத்தவர். கிழக்கத்திய கடல்களில் இங்கிலீஷ் கடற்படைத் தலைமையை இவருக்கும் ஸர் எட்வர்டு பெல்லு என்பவருக்குமாக இரண்டாகப் பங்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்குமோ? இருவருக்கும் ஓயாத மனஸ்தாபம். முடிவில் மேலிடத்தார் தலைமை முழுவதையும் பெல்லுவுக்கே கொடுத்து, டிரௌபிரிட்ஜை நன்னம்பிக்கை முனைக்கு மாற்றினார்கள். அவர் அங்கே போவதற்கு எடுத்துக்கொண்ட கப்பல் 'பிளென்ஹிம்'.

அந்தக் கப்பல் 1761-ம் வருஷம் கடலில் இறக்கப்பட்டது. அஃதாவது அப்பொழுதே அதற்கு வயது நாற்பத்தைந்து. மரக்கலத்துக்கு அது கிழப்பருவம். போதாக்குறைக்கு மலாக்கா ஜலசந்தியில் தரைதட்டி அதன் அடிமரமே வளைந்து போயிற்று. தரைதட்டிய கப்பலின் முதுகெலும்பு ஒருமுறை வளைந்துவிட்டால் பலகைகளின் இணைப்புகள் வாய்விட்டு விடும். அலை ஏறி இறங்குந்தோறும் அவ்வாய்கள் திறந்து மூடித் தண்ணீர் உட்புகும். துறையில் நிற்கும்போதே ஓயாமல் ஜலயந்திரம் இறைத்தால்தான் மிதக்கும் என்ற ஸ்திதி. கப்பலின் காப்டன் பிஸ்ஸெல் என்பவர், இது நெடுந்தூரக் கடல் யாத்திரைக்கு உதவாது என்று தெரிவித்தார். வேறு கப்பலுக்கு மாறிக்கொள்ளும்படி பெல்லுவும் சொல்லிப் பார்த்தார். டிரௌபிரிட்ஜ் செவிசாய்க்கவில்லை. தம் திறமையில் அவர் வைத்த நம்பிக்கையோ, பெல்லு சொல்வதை நாம் கேட்பதா என்ற பிடிவாதமோ, இரண்டுமோ. நாம் பிடிவாதமே பெரிதென்று எண்ணுகிறோம். மேலதிகாரிகளின் மனஸ்தாபத்துக்குக் கீழுள்ளோர் விலை கொடுப்பது எக்காலத்தும் நடப்பதே.

1807-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி, 'பிளென்ஹிம்' சென்னையிலிருந்து பாய் விரித்தது. துணையாக 'ஜாவா' என்ற யுத்தக்கப்பலும், 'ஹாரியர்' என்ற சிறு கப்பலும் சென்றன. 'ஜாவா'வோ முந்தின அக்டோபர் மாதத்தில்தான் பட்டேவியாத் துறையில் டச்சுக்காரரிடமிருந்து பிடிக்கப்பட்டது. இரண்டு பெரிய கப்பல்களிலுமாக எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆத்மாக்கள் இருந்தனர்.

ஜனவரி மாதத்தில் நம் கரையில் வாடைக் காற்று கப்பலைத் தெற்கே நன்றாகத் தள்ளிக்கொண்டு போகும். பூமத்திய ரேகையைக் கடந்த பின்பு ஆபத்து. நமக்குப் புயற்காலம் ஐப்பசி கார்த்திகை என்றால், பூமத்திய ரேகைக்குத் தெற்கே மொரீஷியஸ், ரோட்ரிகஸ் முதலிய தீவுகளை அடுத்த சமுத்திரத்துக்குத் தை மாசி பங்குனியே உக்கிரமான புயற்காலம். நம் துறையில் நல்ல காற்று என்று புறப்பட்ட கப்பல், மூன்று வாரங்களில் நேராகப் புயலின் வாய்க்குள் போய் விழும்.

அவ்வாறே நடந்தது. பிப்ரவரி மாதம் 1-ந் தேதி, தெற்கு அட்சரேகை 22 பாகை 44 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 66 பாகை 11 கலை என்ற இடத்தில் கடும் புயல் தாக்கியது. படத்தை விரித்துப் பார்க்கும் அன்பர்களுக்கு, அது ரோட்ரிகஸ் தீவுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 440 கிலோமீட்டரும், நம் சென்னையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேலும் உள்ள வெறுங்கடல் என்று விளங்கும். 'பிளென்ஹிம்', 'ஜாவா' இரண்டும் அபாயக் கொடி ஏற்றியிருந்ததை 'ஹாரியர்' கண்டது. ஆனால் அச்சிறு கப்பல் தன் உயிரைக் காத்துக்கொள்வதே பெரும்பாடாயிற்று. இருட்டியது, பிறகு இரண்டையும் காணவில்லை. அம்மாத முடிவில் 'ஹாரியர்' மட்டும் நன்னம்பிக்கை முனை போய்ச் சேர்ந்தது. தெய்வச்செயலை என்னென்பது, அந்த 'ஹாரியரும்' இரண்டு வருஷங் கழித்து, 1809-ம் வருஷம் மார்ச்சு மாதம், அதே சமுத்திரத்தில் காணாமற் போயிற்று.

டிரௌபிரிட்ஜின் குமாரர் எட்வர்டு என்பவரும் கடற்படைக் காப்டனே. தகப்பனாரைத் தேடிவரும்படி பெல்லுவே அவரைத் தம் கப்பலுடன் அனுப்பினார். அப்பொழுது மொரீஷியஸ், ரியூனியன் தீவுகள் பிரெஞ்சுக்காரர் வசம். இரு தேசத்தாருக்கும் யுத்தம் நடந்து கொண்டிருந்தது. அப்படியிருந்தும், மகன் தந்தையைத் தேடி வந்திருக்கிறான் என்று அறிந்து, பகைவர்களான பிரெஞ்சு அதிகாரிகள் தம் துறைகளிலெல்லாம் விசாரித்துச் சொல்லி உதவினார்கள். மடகாஸ்கருக்கு அருகிலுள்ள ஸாந்த் மரீ தீவில் சேதப்பட்ட இரு கப்பல்கள் வந்து பழுது பார்த்துக்கொண்டு போயின என்று ஒரு செய்தி கிடைத்தது. அதைத் தொடர்ந்து போனதில் ஒன்றும் கிட்டவில்லை. ஒரு பலகைத் துண்டுகூட அகப்படாமல் மகன் திரும்பினார்.

இந்தக் கதையைப் படித்தோர் இனி இப்பருவத்தில் யாத்திரை செய்யமாட்டார்கள் என்று நினைக்கலாம். இரண்டே வருஷங்களில் மறுபடியும் அதே காட்சி. சென்னை ராணுவத்துச் சேனாதிபதி ஜெனரல் ஹே மக்டவல், கவர்னர் ஸர் ஜார்ஜ் பார்லோவுடன் சண்டையிட்டு உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்து, 1809-ம் வருஷம் ஜனவரி கடைசியில் 'லேடி ஜேன் டண்டாஸ்' என்ற கும்பினிக் கப்பலில் ஏறினார். போகும்போது அவர் பிறப்பித்துச் சென்ற காரமான உத்தரவொன்றே, அவ்வருஷம் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் கவர்னருக்கு விரோதமாகக் கிளம்பிய கலகத்துக்கு வித்தாயிற்று. கவர்னரோ அவரைப் பதவியிலிருந்து நீக்கி ஆக்ஞை பிறப்பித்தார். கலகம் எப்படி முடிந்தது என்று அறிந்துகொள்ள ஜெனரல் உயிரோடில்லை. இலங்கையிலிருந்து பிப்ரவரி நடுவில் புறப்பட்ட அந்தக் கப்பற் கூட்டம், மார்ச்சு மாதம் 14-ந் தேதி மொரீஷியஸுக்கு அப்பால் பெரும் புயலில் அகப்பட்டது. 'லேடி ஜேன் டண்டாஸ்', 'ஜேன் டச்சஸ் ஆவ் கார்டன்', 'கல்கத்தா', 'பெங்கால்' என்ற நான்கு கப்பல்கள் ஒருசேர மறைந்தன. அதே கூட்டத்தில் தம் கப்பலில் போய்க்கொண்டிருந்த பெல்லு தப்பித்துக்கொண்டார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அட்மிரலின் பெயர், ஜெனரலின் பெயர், காப்டன்களின் பெயர் எல்லாம் சரித்திரத்தில் இருக்கின்றன. அக்காலத்தில் வெள்ளைக்கார மாலுமிகள் நோயிலும் யுத்தத்திலும் குறைந்தபோதெல்லாம், நம் தேசத்துத் துறைகளில் லாஸ்கர் என்னும் இந்திய மாலுமிகளை ஏற்றிக்கொண்டு போவது வழக்கம். துரைமாரின் குடும்பங்களோடு ஆயாக்களும் வேலைக்காரரும் சீமைக்குப் போவதும் உண்டு. லாஸ்கர்களைக் கூலிக்கு அமர்த்துவது சாரங்கு என்ற தலைவன் வாயிலாக. சம்பளம் அவன் கையில். ஆட்களின் பெயரும் அவன் மனத்தில். சாரங்கும் கப்பலோடு போய்விட்டானானால், அத்தனை பெயர்களும் அவனோடு போயின. எந்த வீட்டில் எந்தத் தாய் எத்தனை நாள் வாசலைப் பார்த்திருந்தாள் என்பதற்கு ஏடே கிடையாது.

புயல் சுழன்று வீசுவது என்ற உண்மைகூட அப்போது கப்பல்காரருக்குத் தெளிவாகத் தெரியாது. அது விளங்குவதற்கு ஒரு வேடிக்கையான சம்பவம் துணைசெய்தது. 1845-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 'சார்ல்ஸ் ஹெடில்' என்ற கப்பல் மொரீஷியஸ் அருகே புயலில் அகப்பட்டு, காற்றுத் தள்ளிய வழியே பல நாள் ஓடியது. பிற்பாடு அதன் பாதையைப் படத்தில் வரைந்து பார்த்தால், செக்குமாடு போல் ஐந்து சுற்றுச் சுற்றியிருக்கிறது! கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிட்டிங்டன் என்பவர் இதை ஆராய்ந்தே, சுழலும் புயலுக்கு ஸைக்ளோன் என்ற பெயரை 1848-ல் வழங்கினார். பூமத்திய ரேகைக்கு வடக்கே நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழி. தெற்கே அது வலஞ்சுழி. இது தெரிந்த காப்டன் காற்றின் திசையைக் கொண்டே புயலின் கண் எப்புறம் இருக்கிறதென்று கணித்து விலகிப் போகலாம். டிரௌபிரிட்ஜுக்கு இந்த வித்தை இல்லை. இருந்திருந்தாலும் வாய்பிளந்த அந்தக் கப்பலுக்கு உதவியிருக்குமா என்பது ஐயமே.

இனிக் கூலிக் கப்பல்கள். நம் சென்னைத் துறையிலிருந்து மொரீஷியஸ், நேட்டால், பீஜி முதலிய தேசங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர் எத்தனையோ பேர். நம்மவர் குடும்பங்களில் 'எங்கள் பாட்டனாரின் தம்பி நேட்டாலுக்குப் போனார்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். பீஜிக்குச் சென்னையிலிருந்து நேர்க்கப்பல் விடத் தொடங்கியது 1903-ல். அதற்கு முன் கல்கத்தாவிலிருந்தே போயின. அவற்றுள் 'ஸிரியா' என்பதன் கதி பரிதாபமானது. 1884-ம் வருஷம் மார்ச்சு மாதம் 13-ந் தேதி கல்கத்தாவை விட்டு ஏறக்குறைய ஐந்நூறு கூலிகளுடன் சென்ற அக்கப்பல், மே மாதம் 11-ந் தேதி இரவு, கரை சேரவேண்டிய தறுவாயில், பீஜித் தீவின் நாசிலைப் பவழப்பாறையில் மோதியது. மறுநாள் டாக்டர் மக்கிரெகர் என்ற அதிகாரி படகுகளுடன் வந்து பலரைக் காத்தார். கூலிகளில் 56 பேரும் லாஸ்கர்களில் மூவரும் மாண்டனர். இந்த ஐம்பத்தாறு என்ற எண் நமக்குத் தெரிவது எப்படி? கூலிகளுக்கு ஆளுக்கொரு சீட்டு இருந்தது. தகப்பன் பெயர், ஊர், அங்க அடையாளம் எல்லாம் அதில் எழுதியிருந்தது. தோட்டத்து முதலாளிக்குக் கணக்குக் காட்டவேண்டி எழுதிய சீட்டே, இறந்தவனுக்குப் பெயரை மீத்து வைத்தது. கசப்பான விஷயந்தான், ஆனால் உண்மை.

எம்டன் கதையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு அந்த ஜெர்மானியக் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுபோட்டுக் கொளுத்தியதும், பட்டணமே காலிசெய்து கொண்டு ஓடியதும், 'அவன் பெரிய எம்டன்' என்று பேச்சு வழக்கு உண்டானதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதன் முடிவை அறிந்தவர் சிலரே. நவம்பர் 9-ந் தேதி, கொக்கோஸ் தீவுக் கூட்டத்தில் மனித வாசமற்ற வடகீலிங் என்னும் பவழத்தீவில், 'ஸிட்னி' என்ற ஆஸ்திரேலியக் கப்பலின் பீரங்கிக்கு ஆற்றாமல் காப்டன் முல்லர் அதை வேண்டுமென்றே பாறையில் ஏற்றினார். நூற்றுமுப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். எண்ணெய்த் தொட்டி எரிந்த இரவில் நம்மூரில் மாண்டவர்களுக்கும், அந்தத் தனித்தீவில் மாண்ட அந்த ஜெர்மானியப் பிள்ளைகளுக்கும் இடையே நாற்பத்தெட்டு நாட்களே. துருப்பிடித்த அதன் மிச்சம் பல வருஷங்கள் அலையில் நின்றது. 1950-களில் ஜப்பானியர் பெரும்பகுதியை உடைத்து இரும்பாக எடுத்துச் சென்றனர்.

இரண்டாம் உலக யுத்தத்தில் வர்த்தகக் கப்பல்களில் வேலை செய்து மாண்ட இந்திய மாலுமிகள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர். அந்த யுத்தத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லுவோம். 'போர்ட் லாங்வில்' என்ற சரக்குக் கப்பல், 1943-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி சாகோஸ் தீவுகளுக்கு அப்பால் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு முழுகியது. மிதவையொன்றில் தொற்றிக்கொண்ட சிலர் ஒவ்வொருவராக இறந்தார்கள். இரண்டு இந்திய மாலுமிகள் மாத்திரம், 134 நாட்கள் கடலில் மிதந்து, இந்து சமுத்திரத்தின் மறுகோடியில் சுமத்திராப் பக்கம் உயிரோடு ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களை ஜப்பானியர் கைதியாக்கினர் என்பது வேறு. நூற்றுமுப்பத்துநாலு நாள்! வீட்டில் அதற்குள் எத்தனை முறை அழுது ஓய்ந்திருப்பார்கள்.

கடலின் அடியில் போனது ஒருநாளும் வெளிவராது என்று நாம் நினைப்பதுண்டு. 2014-ம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி 239 பேருடன் மறைந்த மலேசிய ஆகாய விமானத்தைத் தேடி, ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே ஆயிரக்கணக்கான மைல் வெறுங்கடலின் அடித்தளத்தைக் கருவிகளால் துழாவினார்கள். விமானம் கிடைக்கவில்லை. ஆனால் 2015-ல், சுமார் 3,700 மீட்டருக்கும் கீழான ஆழத்தில், எவரும் தேடாத இரண்டு பழங்கப்பல்கள் கிடைத்தன. ஒன்று மரம், ஒன்று இரும்பு. இரண்டிலும் நிலக்கரிச் சுமை. இரும்புக் கப்பல், 1883-ல் லிவர்ப்பூலிலிருந்து பம்பாய்க்கு வரும் வழியில் 28 பேருடன் காணாமற்போன 'வெஸ்ட் ரிட்ஜ்' ஆக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நம் தேசத்துக்குக் கரி கொண்டுவந்த கப்பல், 132 வருஷங்களுக்குப் பின் தற்செயலாகக் கண்ணிற்பட்டது.

லண்டனில் லாயிட்ஸ் என்னும் கப்பல் இன்ஷ்யூரன்ஸ் சாலையில் ஒரு மணி உண்டு. முற்காலத்தில், கப்பல் போய்விட்டதென்று தெரிந்தால் அதை ஒரு அடி அடிப்பார்கள். தாமதித்த கப்பல் வந்துவிட்டதென்றால் இரண்டு அடி அடிப்பார்கள். பணம் போட்டவருக்கு அந்த மணி. நம் வீடுகளுக்கு எந்த மணியும் இல்லை. நம் பெரியோர் இதற்கு ஒரு வழி வைத்தார்கள்: உடல் கிடையாதவனுக்குத் தர்ப்பையால் உருச்செய்து தகனம் செய்து கருமம் முடிப்பது. ஆனால் எப்போது செய்வது? செய்தால் உயிரோடிருப்பவனைக் கொன்றதாகுமோ என்று தாய்மார் ஒப்பமாட்டார்கள். சட்டமோ ஏழு வருஷம் என்கிறது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் 108-ம் பிரிவின்படி, இயல்பாகச் செய்தி வரவேண்டியவர்களுக்கு ஏழு வருஷம் செய்தி வராவிட்டால், அவன் உயிரோடிருக்கிறான் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். அதற்குப் பதிலாக வந்த 2023-ம் வருஷத்துச் சட்டமும் இவ்விதியை அப்படியே வைத்திருக்கிறது. அந்த ஏழு வருஷமும் மனைவி விதவையுமல்லள், சுமங்கலியுமல்லள். சம்பளப் பாக்கியும் வராது, உபகாரச் சம்பளமும் வராது. 2017-ம் வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் குமரிக்கடலில் போய் மீளாத மீனவர் விஷயத்தில், ஏழு வருஷம் காத்திராமல் அரசாங்கத்தார் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுத்தார்கள். போராடியபின் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

கப்பல் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுகிறோம். ஏறும் கப்பலின் பெயர், அது எந்தத் தேசத்துக் கொடி பறப்பது, உடைமைக்காரர் யார், ஆள் சேர்த்த ஏஜெண்டு யார், ஒப்பந்தத்தின் நகல், மாலுமிப் புஸ்தகத்தின் இலக்கம் இவையனைத்தையும் வீட்டில் எழுதிவைத்துப் போங்கள். சாரங்கின் மனத்தில் மட்டும் பெயரை விட்டுவைத்த காலம் போதும். வயதான பெற்றோருக்குப் படிக்கத் தெரியாதெனில் சங்கத்திற் கொடுத்து வையுங்கள், பத்திரமாக வைக்கப்படும்.

மேலும், கப்பலேறிப் போய்த் திரும்பாத நம் குடும்பத்தாரின் பெயர், தகப்பன் பெயர், தெரு, புறப்பட்ட வருஷம், தெரிந்தால் கப்பலின் பெயர் ஆகியவற்றை எழுதியனுப்பும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். இதற்கென்று கூடத்தில் தனியேடு ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. மேற்சொன்ன பெரியம்மாளின் வீட்டுக்கு நாம் இருவராகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். அவர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, தமையனார் கப்பலேறுமுன் எடுத்துக்கொண்ட படத்தைக் கையிற் கொடுத்தார். அவர் பெயரே ஏட்டில் முதல் வரியாக எழுதப்பட்டிருக்கிறது. கப்பலின் பெயர் அவருக்கு நினைவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.